ஒற்றை வளையமும் இரட்டை வளையமும்



உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளை இருக்கின்ற வீட்டில் பரீட்சைக் காலம் வந்துவிட்டால் இரண்டு சொற்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று பியூரின். மற்றது பிரிமிடின். "அடினின், குவானின் இரண்டும் பியூரின். சைற்றோசின், தைமின், யூராசில் மூன்றும் பிரிமிடின்" என்று பிள்ளை அங்கும் இங்கும் நடந்து மனனம் செய்யும். குசினியில் நிற்கின்ற தாய்க்கு அது ஏதோ வேறு உலகத்துப் பேச்சாகத் தோன்றும்.

ஆனால் அதே குசினியில் வேறு இரண்டு பேச்சுக்களும் நடப்பதுண்டு. "வாப்பாவுக்கு யூரிக் அசிட் கூடிப்போச்சாம். ஈரல் கொடுக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார்" என்பது ஒன்று. "மகளுக்குக் கலியாணம் முடிந்து இரண்டு மாதம்தான். பிள்ளை தங்கவே இல்லை. அதற்குள் போலிக் அசிட் குளிசை எதற்கு?" என்பது மற்றது. இந்த இரண்டு பேச்சுக்கும் பிள்ளை மனனம் செய்யும் பாடத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கின்றது. முதலாவது பியூரினைப் பற்றிய பேச்சு. இரண்டாவது பெரும்பாலும் பிரிமிடினைப் பற்றிய பேச்சு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளங்கிக் கொண்டால், வீட்டில் யாருக்கு எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது, எந்தக் குளிசையை எப்போது தொடங்குவது என்பதெல்லாம் தெளிவாகிவிடும். ஆகவே இம்மாதம் அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

வளையல் கணக்கு

நமது உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆனது. அநேகமாக ஒவ்வொரு கலத்தினுள்ளும் டி.என்.ஏ. எனும் நீண்ட இழை சுருண்டு கிடக்கின்றது. கண்ணின் நிறம் முதல் இரத்தத்தின் வகை வரையிலான தகவல்கள் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துக்கு நான்கே எழுத்துக்கள். அடினின், குவானின், சைற்றோசின், தைமின் என்பன அவை. டி.என்.ஏ.யிலிருந்து பிரதி எடுக்கும் ஆர்.என்.ஏ. எனும் இழையில் தைமினுக்குப் பதிலாக யூராசில் வரும். ஆக மொத்தம் ஐந்து.

இந்த ஐந்தும் காபன், நைதரசன் அணுக்கள் கைகோத்து உண்டான வளையங்கள். ஒரே ஒரு வளையம் உள்ளது பிரிமிடின். ஆறு அணுக்கள் கொண்ட அந்த வளையத்தில் நான்கு காபன், இரண்டு நைதரசன். இதே ஆறணு வளையத்தோடு ஐந்தணு வளையம் ஒன்று ஒட்டிக் கொண்டால் அது பியூரின். இரண்டு வளையங்களும் ஒரு பக்கத்தைப் பங்கு போடுவதால் பியூரினில் மொத்தம் ஒன்பது அணுக்கள். ஐந்து காபன், நான்கு நைதரசன். சுருங்கச் சொன்னால் பிரிமிடின் ஒற்றை வளையல், பியூரின் ஒட்டிப் பிறந்த இரட்டை வளையல்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு சிறு உபாயம் சொல்லிக் கொடுங்கள். பெயர் சிறியது, ஆள் பெரியது: பியூரின். பெயர் நீளம், ஆள் சிறியது: பிரிமிடின். பெரிய வீட்டில் இருவர், அடினினும் குவானினும். சின்ன வீட்டில் மூவர், மற்றவர்கள்.

இவற்றை உடம்பு தயாரிக்கும் முறையும் வேறு வேறு. பிரிமிடினைச் செய்யும்போது வளையத்தை முதலில் முழுதாகச் செய்து முடித்து, அதன் பிறகே ரைபோசு எனும் சீனி மூலக்கூறில் மாட்டுகின்றது. வளையலைக் கடையில் வாங்கிக் கையில் போடுவது போல. பியூரினை அப்படிச் செய்வதில்லை. சீனி மூலக்கூறின் மீதே ஒவ்வொரு அணுவாகப் பொருத்திப் பொருத்தி வளையத்தைக் கட்டி முடிக்கின்றது. கையிலேயே வைத்து வளையலை அடிப்பது போல.

ஏணிப்படியின் அகலம்

இந்த ஒற்றை, இரட்டை வித்தியாசம் வெறும் வடிவத்தோடு நின்றுவிடவில்லை. டி.என்.ஏ.யின் அமைப்பே இதில்தான் தங்கியிருக்கின்றது.

டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி போன்றது. ஏணியின் ஒவ்வொரு படியும் இரண்டு எழுத்துக்கள் எதிரெதிரே நின்று கைகோத்து உண்டாவது. 1952ஆம் ஆண்டு இலண்டனில் ரொசலிண்ட் பிராங்கிளின் எனும் பெண் விஞ்ஞானியும் அவரிடம் பயின்ற மாணவரும் எக்ஸ் கதிர் கொண்டு எடுத்த படமொன்று, இந்த ஏணியின் அமைப்பை விளங்கிக் கொள்ளப் பெரும் துணையாக அமைந்தது. ஏணி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். சுமார் 2 நனோமீற்றர். எங்கும் பிதுங்கவில்லை, எங்கும் ஒடுங்கவில்லை.

அடுத்த வருடம் கேம்பிரிஜ் நகரில் வாட்சன் என்பவர் காட்போட் மட்டையில் எழுத்துக்களின் வடிவங்களை வெட்டி வைத்துக் கொண்டு அவற்றைச் சேர்த்துப் பார்த்தார். அதற்கு முன்னர் அவர் நினைத்திருந்தது, ஒரே எழுத்தும் ஒரே எழுத்தும் ஜோடி சேரும் என்பது. அது சரிவரவில்லை. இரட்டை வளையத்தோடு இரட்டை வளையம் நின்றால் படி அகன்று ஏணி பிதுங்கும். ஒற்றையோடு ஒற்றை நின்றால் கை எட்டாது. எப்போதும் ஒரு பியூரினும் ஒரு பிரிமிடினும் நின்றால்தான் ஒவ்வொரு படிக்கும் மூன்று வளையங்கள் என்ற கணக்கு சரியாக வரும். அடினினுக்கு ஜோடி தைமின், குவானினுக்கு ஜோடி சைற்றோசின். முதல் ஜோடிக்கு இடையில் இரண்டு ஐதரசன் பிணைப்பு, அடுத்த ஜோடிக்கு மூன்று. வாட்சனும் கிறிக்கும் இதனை 1953 ஏப்ரல் மாதம் வெளியிட்டார்கள். 1962இல் நோபல் பரிசு வழங்கப்பட்ட போது பிராங்கிளின் உயிரோடு இல்லை. 1958இல், 37ஆவது வயதில் அவர் காலமாகியிருந்தார்.

எனவே கட்டும்போது இந்த இரு குடும்பமும் சரிசமம். ஒன்றில்லாமல் மற்றதற்கு வேலையில்லை. உங்கள் டி.என்.ஏ.யில் எத்தனை பியூரின் உண்டோ அத்தனை பிரிமிடினும் உண்டு. வித்தியாசம் தலைகாட்டுவது உடைக்கும் போதுதான்.

உடைக்கும் போது நடப்பது

நமது உடம்பில் தினமும் பழைய கலங்கள் அழிந்து புதியன உண்டாகின்றன. அழிந்த கலத்தின் டி.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும் உடைக்கப்படுகின்றன. உண்ணும் இறைச்சியிலும் மீனிலும் உள்ளவையும் அவ்வாறே.

பிரிமிடினை உடைப்பது இலகு. உடம்பு அந்த ஒற்றை வளையத்தைத் திறந்து, நீரில் நன்கு கரையும் சிறு துண்டுகளாக்கி விடுகின்றது. காபனீரொட்சைட்டு மூச்சோடு போகும். மற்றவை சிறுநீரோடு போகும், அல்லது வேறு வேலைக்குப் பயன்படும். மிச்சம் மீதி என்று தொந்தரவு இல்லை.

பியூரினின் இரட்டை வளையத்தையோ மனித உடம்பினால் திறக்க முடிவதில்லை. வளையம் வளையமாகவே இருக்க, அதன் மேல் ஒட்சிசன் ஏறி அது யூரிக் அமிலமாக மாறுகின்றது. அதுதான் முடிவு. யூரிக் அமிலம் நீரில் கரைவதோ மிகக் குறைவு.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் கோழிக்கூட்டுப் பக்கம் போங்கள். கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல் படிந்திருப்பது பெரும்பாலும் யூரிக் அமிலம்தான். பறவைகள் தண்ணீரை மிச்சப்படுத்தி, உடம்பின் நைதரசன் கழிவை இந்த உருவத்திலேயே வெளியேற்றுகின்றன. அது கரையாது என்பதற்கு அந்த வெள்ளைப் படிவே சாட்சி. ஆடு, மாடு, பூனை போன்ற பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக் அமிலத்தையும் உடைத்துக் கரையச் செய்யும் நொதியம் ஒன்று இருக்கின்றது. மனிதரிடம் அந்த நொதியம் வேலை செய்வதில்லை. ஆகவே நமது உடம்பில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மிகுதியைக் குடலும்தான் வெளியேற்ற வேண்டும்.

வெளியேற்றுவது குறைந்தாலோ உண்டாவது கூடினாலோ இரத்தத்தில் அது தேங்கும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 6.8 மில்லிகிராம் என்பதுதான் அது கரைந்து நிற்கக் கூடிய எல்லை. அதற்கு மேல் போனால் பாணிக்குள் சீனி உறைவது போல ஊசி ஊசியான பளிங்குகளாகப் படியத் தொடங்கும். குளிர்ந்த இடத்தில் கரைவது இன்னும் குறைவு. அதனால்தான் இருதயத்துக்குத் தூரமான, எப்போதும் சற்றுக் குளிர்ந்திருக்கும் கால் பெருவிரல் மூட்டை அது முதலில் பிடிக்கின்றது. இரவில் நிம்மதியாகப் படுத்தவர் நடுச்சாமத்தில் விரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் தாங்க முடியாமல் துடிப்பார். இதுவே கவுட் எனும் கீல்வாதம். சிலருக்கு அதே அமிலம் சிறுநீரகக் கல்லாகவும் மாறுகின்றது. 1776இல் ஷீலே என்ற சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் யூரிக் அமிலத்தை முதன்முதல் பிரித்தெடுத்ததே அத்தகைய ஒரு கல்லிலிருந்துதான். பின்னர் 1884இல் ஜேர்மனியரான எமில் பிஷர், இந்த அமிலத்தின் இலத்தீன் பெயரைக் கருத்திற் கொண்டே பியூரின் என்ற பெயரைச் சூட்டினார்.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரஜன் எனும் ஓமோன் யூரிக் அமிலத்தைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற உதவுகின்றது. அதனால் இளவயதுப் பெண்களுக்குக் கவுட் வருவது அரிது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தப் பாதுகாப்புக் குறைந்து விடுகின்றது. வீட்டில் மூத்த பெண்களுக்கு முழங்காலோ கைவிரல் மூட்டோ திடீரெனச் சிவந்து வீங்கினால், "வயசு போனா இப்படித்தான்" என்று எண்ணெய் தடவிவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. அது கவுட்டாகவும் இருக்கலாம். பிரஷருக்காக நீர் கழியும் குளிசை எடுப்பவர்களுக்கு யூரிக் அமிலம் கூடுவதுண்டு. அதற்காக அந்தக் குளிசையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. வைத்தியரிடம் சொன்னால் அவர் தேவையானால் மாற்றித் தருவார்.

தட்டில் எதை வைப்பது?

பியூரின் எங்கே கூடுதலாக இருக்கும்? கலங்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் உணவில்தான். ஈரல், குண்டிக்காய் போன்ற உள்ளுறுப்புக்களில் கலங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. நெத்தலியைக் குடலோடு முழுதாகவே உண்கின்றோம். ஆகவே அதிலும் பியூரின் அதிகம். மாறாக முட்டை பார்ப்பதற்குப் பெரிதானாலும் அதில் டி.என்.ஏ. மிகச் சொற்பம். பாலிலும் கலங்கள் மிகக் குறைவு. எனவே முட்டையும் பாலும் தயிரும் கவுட் உள்ளவருக்கு இந்த வகையில் தீங்கானவை அல்ல. இந்த ஒரு விதியை விளங்கிக் கொண்டால் நீண்ட பட்டியல்களை மனனம் செய்யத் தேவையில்லை.

அடுத்தது பருப்பு. கவுட் என்றதும் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பருப்புக் கறியும் கடலையும் கீரையும்தான். அவற்றிலும் பியூரின் உண்டு என்பது மெய். ஆனால் அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 வருடங்கள் தொடர்ந்து அவதானித்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், இறைச்சியும் கடலுணவும் அதிகமாக உண்டவர்களுக்கே கவுட் கூடுதலாக வந்திருந்தது. பியூரின் உள்ள மரக்கறி, பருப்பு வகைகளால் அப்படிக் கூடவில்லை. பாலுணவு உண்டவர்களுக்குக் குறைந்தே காணப்பட்டது. ஆகவே பருப்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இறைச்சியை வைப்பது தலைகீழான காரியம்.

பிளேன்டீயிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனும் ஒரு பியூரின்தான் என்று கேட்டால் சிலர் திடுக்கிடுவார்கள். பயப்பட வேண்டாம். உடம்பு கஃபீனை யூரிக் அமிலமாக மாற்றுவதில்லை. கவனிக்க வேண்டியது கோப்பையில் போடும் சீனியைத்தான். சீனியில் பாதி புரக்டோசு. ஈரல் அதைச் சமிக்கச் செய்ய ஏ.ரீ.பி. எனும் சக்தி மூலக்கூறை அவசர அவசரமாகச் செலவழிக்கின்றது. அந்த ஏ.ரீ.பி.யின் தலையில் இருப்பதும் ஒரு பியூரின், அதாவது அடினின். செலவான அடினின் யூரிக் அமிலமாகி முடிகின்றது. ஆகவே இறைச்சித் துண்டைக் கண்ணாலும் காணாத ஒருவர், போத்தல் போத்தலாக இனிப்பு மென்பானம் குடித்தால் அவருக்கும் யூரிக் அமிலம் கூடும்.

ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில் உழ்ஹிய்யா இறைச்சி எல்லா வீட்டிலும் நிறைந்திருக்கும். ஈரலை முதல் நாளே பொரிப்பதும் வழமை. கவுட் உள்ளவருக்கு அந்த ஈரல் வேண்டாம். இறைச்சியில் ஓரிரு துண்டு போதும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

இங்கே சகோதரிகளுக்கு ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. உடம்பில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உணவால் வருவது. மீதி அவரவர் உடம்பிலேயே உண்டாவது. சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றும் என்பதும் பெரும்பாலும் பரம்பரையைப் பொறுத்தது. ஆகவே கணவருக்கோ வாப்பாவுக்கோ மீண்டும் கால் வீங்கினால், "நீ ஆக்கிப் போட்ட சாப்பாடுதான் காரணம்" என்று சமைத்தவளைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. உணவுக் கட்டுப்பாடு உதவும். பலருக்கு அது மட்டும் போதாது. மருந்தும் தேவை.

வேடமிட்ட மூலக்கூறு

அந்த மருந்தின் கதையும் ஒரு பெண்ணின் கதைதான். ஜெர்ட்ரூட் எலியன் 1918இல் நியூயோர்க்கில் பிறந்தவர். 15 வயதில், தமது பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் துன்பப்பட்டு இறந்ததைக் கண்டு, இந்த நோய்க்கு மருந்து தேடுவதற்காகவே இரசாயனம் படித்தார். பெண் என்பதற்காகவே ஆய்வுகூடங்கள் அவருக்கு வேலை தர மறுத்தன. சிறிது காலம் பாடசாலையில் படிப்பித்தார். 1944இல் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்பவரின் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, பியூரின்களைப் பற்றி ஆராய்வது.

அவருடைய யுக்தி எளியது. பியூரினைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் ஓரிரு அணு மாறிய போலிகளைச் செய்வது. வேகமாகப் பெருகும் நோய்க்கலம் அதை உண்மையான பியூரின் என்று நம்பி எடுத்துக் கொள்ளும். எடுத்த பின் அதனால் மேலே வேலை செய்ய முடியாது. இவ்வாறு உருவான 6-மேர்கப்டோபியூரின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்தாக 1953இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்பு அந்நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களிலேயே இறந்தார்கள். அது இன்று வரை பயன்பட்டு வருகின்றது. அதன் வழிவந்த அசதியோபிரின், மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காத்தது. அதே வேடத்தின் இன்னொரு வகையே கவுட்டுக்குக் கொடுக்கப்படும் அலோபியூரினோல். 1966இல் பாவனைக்கு வந்த இது, யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதியத்தின் வழியை அடைத்து நின்று விடுகின்றது. எலியனும் ஹிச்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்கள். கலாநிதிப் பட்டத்துக்குப் படித்து முடிக்க அவருக்கு வாய்க்கவே இல்லை.

இக்கதையை நான் விபரமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மிடையே குளிசையை இரவல் கொடுக்கும் வழக்கம் இருக்கின்றது. "எங்கட வாப்பாவுக்கு இதுதான் குணமானது, நீங்களும் இரண்டு போட்டுப் பாருங்கோ" என்று அடுத்த வீட்டுக்குக் கொடுத்து விடுகின்றோம். அசதியோபிரினை அல்லது 6-மேர்கப்டோபியூரினை உடம்பு கழிப்பதற்கு உதவுவதும் அலோபியூரினோல் அடைக்கின்ற அதே நொதியம்தான். அடுத்த வீட்டவர் அந்த மருந்தை எடுப்பவராக இருந்து, நீங்கள் கொடுத்த அலோபியூரினோலையும் விழுங்கினால், அந்த மருந்து உடம்பில் தேங்கி எலும்பு மச்சையை முடக்கிவிடும். இரத்தக் கலங்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். நல்லெண்ணத்தோடு கொடுத்த ஒரு குளிசை இப்படி ஆக வேண்டுமா?

அலோபியூரினோலைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உடம்பில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையாக மாறலாம். மற்றப்படி இது வலிக்கும் போது மட்டும் போடும் மருந்தல்ல. வலி போய்விட்டது என்று நிறுத்தினால் யூரிக் அமிலம் மறுபடி ஏறும்.

ஒரு புள்ளியின் பெறுமதி

இனி ஒற்றை வளையத்தின் பக்கம் வருவோம். உடைக்கும் போது தொந்தரவு தராத பிரிமிடின், கட்டும்போது ஓர் இடத்தில் மிகுந்த கவனத்தைக் கேட்கின்றது. அந்த இடம் தைமின்.

தைமினுக்கும் யூராசிலுக்கும் வித்தியாசம் மிகச் சிறிது. யூராசில் வளையத்தில் ஒரு காபனும் மூன்று ஐதரசனும் கொண்ட மெதைல் எனும் சிறு கூட்டம் ஒட்டிக் கொண்டால் அது தைமின். நமது சிறார்கள் மதரஸாவில் முதல் பாடத்திலேயே பா, தா, ஸா எழுத்துக்களைப் படிக்கின்றார்கள். உருவம் ஒன்றே. புள்ளிதான் எழுத்தைப் பிரிக்கின்றது. தைமினின் மெதைலும் அப்படி ஒரு புள்ளி.

இந்தப் புள்ளி எதற்கு? சைற்றோசின் எனும் எழுத்து சில சமயம் தானாகவே சிதைந்து யூராசிலாக மாறிவிடும். டி.என்.ஏ.யைத் திருத்தும் நொதியங்கள் யூராசிலைக் கண்டதும், "இது இங்கே இருக்க வேண்டியதல்ல" என்று வெட்டி எடுத்துவிட்டுச் சரியானதை வைக்கின்றன. டி.என்.ஏ.யின் சொந்த எழுத்தாகவும் யூராசிலே இருந்திருந்தால் எது பிழை, எது சரி என்று திருத்துபவருக்குத் தெரியாது. புள்ளி இருப்பதால்தான் தெரிகின்றது.

இந்தப் புள்ளியை வைப்பதற்கு உடம்புக்கு ஃபோலேற்று எனும் விற்றமின் வேண்டும். போலிக் அசிட் என்று குளிசையில் வருவது அதன் ஒரு வடிவம். அது குறைந்தால் தைமின் போதாது போகும். அந்த இடத்தில் யூராசில் புகுந்து விடும். திருத்தும் நொதியம் வெட்டும். மறுபடியும் யூராசிலே வந்து உட்காரும். மறுபடியும் வெட்டும். முடிவில் இழையே அறுந்து போகும். பியூரின் வளையத்தைக் கட்டவும் ஃபோலேற்று தேவை. ஆகவே ஃபோலேற்று இல்லாத உடம்பில் கலங்கள் ஒழுங்காகப் பிரிய முடிவதில்லை. வேகமாகப் பிரியும் இடங்களே முதலில் பாதிக்கப்படும். தாயிடத்தில் அது இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சை. வயிற்றில் தங்கிய சிசுவிடத்தில் அது மூளையும் முள்ளந்தண்டும் உருவாகின்ற நரம்புக் குழாய்.

முதலாவதைக் கண்டறிந்தவர் லூசி வில்ஸ் எனும் ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி. 1928இல் அவர் பம்பாய்க்குச் சென்று, கர்ப்பிணிப் பெண்களைக் கொல்லும் இரத்தசோகை ஒன்றை ஆராய்ந்தார். போதிய உணவின்றி வாழ்ந்த ஏழை முஸ்லிம் பெண்களிடத்திலேயே அந்நோய் அதிகமாகக் காணப்பட்டது. அது கிருமியால் வருவதல்ல, உணவுக் குறைவால் வருவதே என்பதைக் கண்டு, மார்மைட் எனும் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துக் குணப்படுத்தினார். 1931இல் அதனை வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் ஃபோலேற்று என்பது பின்னர்தான் தெரிய வந்தது. 1941இல் கீரை இலையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார்கள்.

இரண்டாவது விடயம் 1991இல் உறுதியானது. முள்ளந்தண்டுக் குறைபாட்டோடு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அசிட் கொடுத்துப் பல நாடுகளில் நடத்திய பரிசோதனையில், அக்குறைபாடு மீண்டும் வருவது சுமார் 72 சதவீதம் குறைந்தது.

இப்போது மகளின் குளிசைக்கு வருவோம். சிசுவின் நரம்புக் குழாய் மூடிக்கொள்வது கரு உண்டாகி 28 நாட்களுக்குள். மாதவிடாய் தள்ளிப்போய், சந்தேகம் வந்து, பரிசோதித்து, மாமிக்குச் சொல்லி, கிளினிக் போவதற்குள் அந்த நாட்கள் முடிந்து விடுகின்றன. அதன் பின் எத்தனை குளிசை போட்டாலும் மூடாமல் போனது மூடாது. எனவேதான் பிள்ளை தங்கும் முன்பே அதைத் தொடங்கச் சொல்கின்றார்கள். பொதுவாகச் சொல்லப்படும் அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். முன்பு அப்படியொரு பிள்ளை பிறந்திருந்தாலோ, வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தாலோ, சீனி வியாதி இருந்தாலோ அளவு வேறுபடலாம். அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். "பிள்ளை தங்காத பெண்ணுக்கு என்ன மருந்து?" என்று கேட்டு மருமகளின் குளிசையை மாமிமார் தடுத்து வைப்பது, பிறக்கப் போகும் பேரப்பிள்ளைக்கே செய்யும் தீங்காகலாம்.

உணவிலும் ஃபோலேற்று உண்டு. கீரை, பருப்பு, கடலை, பயறு என்பன நல்லவை. ஆனால் அது நீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை நெடுநேரம் அவித்துத் தண்ணீரை வடித்து ஊற்றினால் பெரும் பகுதி அதோடு போய்விடும். சற்று நேரம் சுண்டி இறக்குவதே சிறந்தது. ஈரலிலும் ஃபோலேற்று நிறைய உண்டு. எனினும் அதில் விற்றமின் ஏ மிகையாக இருப்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கும்படி வைத்தியர்கள் சொல்வார்கள். உணவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் காலத்துக்குக் குளிசையும் வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது

ஒரே சட்டியில் கவுட் உள்ள வாப்பாவுக்கும் கலியாணம் முடித்த மகளுக்கும் ஏற்ற உணவு எது என்று கேட்டால், விடை இப்போது உங்களுக்கே தெரியும். ஈரல் இருவருக்கும் வேண்டாம். பருப்புக் கறியும் கீரைச் சுண்டலும் இருவருக்கும் நல்லது. அதோடு ஒரு கிண்ணம் தயிர்.

வாப்பாவின் குளிசை வாப்பாவுக்கு மட்டும். யாருக்கும் இரவல் இல்லை. வேறு வைத்தியரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசை மட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். மூத்த பெண்களின் மூட்டு வலியையும் ஆண்களின் வலியைப் போலவே கணக்கிலெடுத்து ஒரு முறை இரத்தம் சோதித்துப் பாருங்கள். வீட்டில் கலியாணம் பேசி முடிந்திருந்தால், உடுப்பு நகை வாங்கும் பட்டியலில் போலிக் அசிட் குளிசையையும் சேர்த்துக் கொள்ளுங்கள். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் எப்போது, எவ்வளவு என்று சொல்லித் தருவார். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அடுத்த முறை பிள்ளை பியூரின், பிரிமிடின் என்று மனனம் செய்யும்போது அருகில் சென்று, "இரட்டை வளையம் உடைந்தால் என்ன ஆகும்? தைமினின் புள்ளி எங்கிருந்து வருகின்றது?" என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் உள்ளதைப் பிள்ளை சொல்லட்டும். சட்டியிலும் குளிசை மட்டையிலும் உள்ளதை நீங்கள் சொல்லுங்கள்.